'யாரு ஊட்டுப் புள்ள?' – ஆன்லைன் காதல் எப்படி வேலை செய்கிறது?

போன தீபாவளி லீவுக்கு மரக்காணம் போயிருந்தேன். ஐப்பசி மழையில உப்பளம் முழுக்கத் தண்ணி. பாத்தி எது, வரப்பு எதுன்னு தெரியாத அளவுக்கு ஒரே ஏரி. வேலை இல்லாத நாள்ங்கறதால அப்பா வீட்டிலேயே இருந்தார். என்னைக் கூப்பிட்டு, "நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே, அண்ணனுக்கு மேட்ரிமோனில ஒரு ப்ரொஃபைல் போடு"ன்னார்.

நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சதுக்கு வீட்டுல கிடைச்ச முதல் ப்ராஜெக்ட் இதுதான் மக்களே!

பெயர், உயரம், படிப்பு, சம்பளம்னு கடகடன்னு நிரப்பிட்டு வந்தேன். அடுத்து சாதி. அதுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம்: 'சாதி தடையில்லை'. டிக் பண்ணட்டுமான்னு அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா டிவியைப் பார்த்தார். நான் அப்படியே சேவ் பண்ணி லேப்டாப்பை மூடிட்டேன்.

அந்த அமைதிக்குக் காரணம் எங்க பெரியம்மா பொண்ணு. அக்கா கதையைச் சொல்லாம இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

உப்பா, பனியா?

அக்கா சென்னையில ஓ.எம்.ஆர்.ல ஒரு ஐ.டி. கம்பெனியில வேலை பார்க்கறாங்க. ஹாஸ்டல் தோழிங்க சொன்னாங்கன்னு ஒரு டேட்டிங் ஆப்ல ப்ரொஃபைல் போட்டாங்க. மூணு போட்டோ. மூணாவது போட்டோவுல அக்கா நின்னது உப்பு குவியல் பக்கத்துல.

ஒரு நாள் ஒருத்தர்கிட்ட இருந்து மெசேஜ்: "அது மணாலியா, குல்மார்க்கா?"

"மரக்காணம். அது பனி இல்ல, உப்பு."

"உப்பு அவ்வளவு வெள்ளையா இருக்குமா?"

உப்பளத்து வீட்டுப் பொண்ணுகிட்ட இதைக் கேட்டா விடுவாங்களா? கடல் தண்ணியில 100 கிராமுக்கு ஏறக்குறைய மூணரை கிராம்தான் உப்புன்னு ஆரம்பிச்சிருக்காங்க. அதை ஒவ்வொரு பாத்தியா மாத்தி மாத்தி வெயில்ல காய விடணும். எங்க ஊர்ல 'டிகிரி'ன்னா பி.இ. கிடையாது, உப்புத்தண்ணியோட அடர்த்தி! மூணு டிகிரி சொச்சத்துல வர்ற தண்ணி 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு விழ ஆரம்பிக்கும். 30-ஐத் தாண்டினா மெக்னீசியம் கலந்து கசந்துடும். இதையெல்லாம் ராத்திரி பதினோரு மணிக்கு டைப் பண்ணி அனுப்பியிருக்காங்க. அவர் கரூர் பக்கம். கடலையே காலேஜ் டூர்லதான் முதல்ல பார்த்தவர். கேள்வி மேல கேள்வி கேட்டிருக்கார்.

நாலு மாசம் கழிச்சு அவருக்கு உப்பளத்தை நேர்ல பார்க்கணும்னு தோணிடுச்சு. ஈ.சி.ஆர். பஸ்ஸைப் பிடிச்சு வந்து இறங்கினார். ஆபீஸ் ஷூவோட வரப்புல நடந்து வழுக்கி விழுந்தார். காதல் அங்கதான் ஆரம்பிச்சதுன்னு அக்கா சொல்வாங்க. "இல்ல, முதல் மெசேஜ்லயே"ன்னு மாமா சொல்வார்.

வீட்டுல விஷயம் தெரிஞ்சப்போ எங்க ஆயா கேட்ட முதல் கேள்வி, "யாரு ஊட்டுப் புள்ள?" நல்லவனா, என்ன வேலை, குடிப்பானா, இது எதுவும் இல்ல. யாரு ஊட்டுப் புள்ள. அந்த ஒரு கேள்வியில ஊர், தெரு, சாதி எல்லாம் அடங்கிடும். பதில் பெரியப்பாவுக்குப் பிடிக்கல. கல்யாணம் நடந்து ரெண்டு வருஷம் ஆச்சு; அக்கா வீட்டு வாசப்படியை அவர் இன்னும் மிதிக்கல.

முகம் தெரியாத ரெண்டு பேரை எது சேர்த்து வைக்குது, எது பிரிச்சு வைக்குது? இதைக் கொஞ்சம் இன்ஜினியர் மாதிரி பிரிச்சுப் பார்க்கலாம் வாங்க.

ஆரம்பிச்சதும் மாணவர்கள்தான்

பார்க்காமலே பழகறது நமக்குப் புதுசு இல்லை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரில் பார்க்காமலே நட்பானவர்கள் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். 1996-இல் அகத்தியன் எடுத்த 'காதல் கோட்டை'யில் நாயகனும் நாயகியும் கடிதத்திலேயே காதலித்தார்கள். மூன்றே வருடத்தில், 1999-இல் வந்த கதிரின் 'காதலர் தினம்' அந்தக் கடிதத்தை இன்டர்நெட் சாட்டாக மாற்றிவிட்டது.

கம்ப்யூட்டரை ஜோடி சேர்க்கும் வேலைக்கு இழுத்து வந்தது அதற்கும் முன்னால். 1965-இல் ஹார்வர்ட் மாணவர்கள் சிலர் 'ஆபரேஷன் மேட்ச்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கேள்வித்தாளை நிரப்பி மூன்று டாலரோடு அனுப்பினால், பதில்களை பஞ்ச் கார்டில் ஏற்றி கம்ப்யூட்டரில் ஓட்டி, பொருத்தமானவர்களின் பட்டியலைத் தபாலில் அனுப்புவார்கள். அசைன்மென்ட்டை விட்டுவிட்டு இந்த மாதிரி வேலை பார்ப்பது எல்லா ஊர் மாணவர்களுக்கும் பொது போல!

1995-இல் மேட்ச் டாட் காம், 2012-இல் டிண்டர் என்று இது வளர்ந்தது. ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் ரோசன்ஃபெல்ட் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2017-இல் அமெரிக்காவில் சந்தித்த ஆண்-பெண் ஜோடிகளில் 39 சதவீதம் பேர் ஆன்லைனில் சந்தித்தவர்கள். நண்பர் வழியாக, சொந்தக்காரர் வழியாகச் சந்திப்பதை அது முந்திவிட்டது. அதாவது நடுவில் இருந்த ஆள் காணாமல் போய்விட்டார். நம்ம ஊர் பாஷையில், தரகர் அவுட்.

ராயபுரத்துக்காரர் கதை

நம்ம பக்கத்து உதாரணம் முருகவேல் ஜானகிராமன். சென்னை ராயபுரத்தில் வளர்ந்தவர். அப்பா துறைமுகத்தில் தொழிலாளி. மாநிலக் கல்லூரியில் புள்ளியியல், பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.சி.ஏ. அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தபோது, 1990-களின் கடைசியில், அங்கிருக்கும் தமிழர்களுக்காக ஒரு இணையதளம் ஆரம்பித்தார். தமிழ் காலண்டர், பண்டிகை நாள் போன்றவற்றோடு ஓரத்தில் ஒரு திருமணப் பகுதியும் வைத்தார்.

ஆட்கள் குவிந்தது அந்த ஓரத்தில்தான். காரணம் எளிது. வெளிநாட்டில் இருக்கும் பையனுக்குப் பக்கத்துத் தெரு கிடையாது. "யாரு ஊட்டுப் புள்ள"ன்னு கேட்டுச் சொல்ல அத்தையும் கிடையாது. அதனால் 2000-இல் திருமணத்துக்கென்றே தனித் தளத்தைத் தொடங்கினார். 2001-இல் அமெரிக்க டெக் சரிவில் வேலை போனதும் முழுநேரமாக இதிலேயே இறங்கினார். தமிழ்மேட்ரிமோனி, பாரத்மேட்ரிமோனி என்று நமக்கு எல்லாம் தெரிந்த பெயர்கள் அவருடையவை. 2017-இல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கும் வந்தது.

இதில் அழகான விஷயம் என்னவென்றால், அவர் தன் மனைவியைச் சந்தித்ததும் தன்னுடைய தளத்தின் வழியாகத்தான். தான் எழுதின கோடைத் தானே டெஸ்ட் பண்ணி, டெஸ்ட் பாஸ்!

ஆனால் அந்தத் தளங்கள் வளர்ந்த விதத்தையும் கவனியுங்கள். முதலில் மொழிவாரியாகப் பிரிந்தன. அப்புறம் சமூகவாரியாக, சாதிப் பெயரிலேயே தனித்தனித் தளங்கள் வந்தன. டெக்னாலஜி புதுசு, கேள்வி எங்க ஆயா கேட்ட அதே கேள்வி.

உள்ளே என்ன நடக்கிறது?

எந்த ஆப்பாக இருந்தாலும் உள்ளே இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று ஃபில்டர், இன்னொன்று வரிசைப்படுத்துதல்.

ஃபில்டர் என்பது டேட்டாபேஸ் பேப்பரில் எழுதும் 'வேர்' கிளாஸ் மாதிரி. வயது இதற்குள், தூரம் இதற்குள், மதம் இது, சாதி இது. இதில் விழாதவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் திரைக்கே வர மாட்டார். அவரை நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படி ஒருவர் இருப்பதே உங்களுக்குத் தெரியாது. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சியவர்களை யாருக்கு முதலில் காட்டுவது என்பது வரிசை. ஒரு காலத்தில் டிண்டர், செஸ் வீரர்களுக்குக் கொடுக்கும் ஈலோ ரேட்டிங் மாதிரி ஒரு மதிப்பெண்ணைப் பயன்படுத்தியது. அதை இனி நம்பியிருக்கவில்லை என்று 2019-இல் அந்த நிறுவனமே சொன்னது. ஹிஞ்ச் என்ற ஆப் 2018-இல், கேல்-ஷாப்லி அல்காரிதத்தைப் பயன்படுத்துவதாகச் சொன்னது. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி இருவரும் 1962-இல் எழுதியது. இந்தத் துறைக்காக 2012-இல் ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது.

அதைப் புரிந்துகொள்ள நாலே பேர் போதும். இரண்டு ஆண்கள்: அ, ஆ. இரண்டு பெண்கள்: 1, 2. அ-வுக்கு முதலில் பிடித்தது 1. ஆ-வுக்கு 2. ஆனால் 1-க்கு முதலில் பிடித்தது ஆ. 2-க்கு அ.

ஆண்கள் போய்க் கேட்கிறார்கள் என்று வைப்போம். அ போய் 1-ஐக் கேட்கிறார். வேறு யாரும் கேட்காததால் அவர் சரி என்கிறார். ஆ போய் 2-ஐக் கேட்கிறார், அவரும் சரி. ஆண்கள் இருவருக்கும் முதல் விருப்பம் கிடைத்துவிட்டது. பெண்கள் இருவருக்கும் இரண்டாவது விருப்பம்தான். இப்போது பெண்கள் முதலில் கேட்டால்? 1 போய் ஆ-வைக் கேட்பார், 2 போய் அ-வைக் கேட்பார். ஜோடியே மாறிவிடும். பெண்கள் இருவருக்கும் முதல் விருப்பம்!

இரண்டுமே உடையாத ஜோடிகள்தான். ஆனால் யார் முதலில் கேட்கிறாரோ அவருக்கே லாபம். பொண்ணு வீட்டில் காபி ட்ரேயோடு நிற்க வைக்கிற நம்ம முறையில் யாருக்கு லாபம் என்று இதை வைத்து யோசித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லல, நோபல் பரிசு சொல்லுது.

88-வது சந்திப்பு

அல்காரிதத்தையே வளைத்தால் காதல் கிடைக்குமா? ஒருத்தர் செய்து பார்த்திருக்கிறார். கிறிஸ் மெக்கின்லே, லாஸ் ஏஞ்சல்ஸில் கணித ஆராய்ச்சி மாணவர். 2012-இல் ஓகேக்யூபிட் தளத்தில் அவருக்குப் பொருத்தமே வரவில்லை. அந்தத் தளத்தில் நிறையக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில்களை வைத்துப் பொருத்த சதவீதம் வரும். அவர் 12 போலிக் கணக்குகள் தொடங்கி, பாட் எழுதி, 20,000 பெண்களின் 60 லட்சம் பதில்களைத் திரட்டினார். கே-மோட்ஸ் முறையில் அவற்றை ஏழு கிளஸ்டராகப் பிரித்தார். தனக்குப் பிடித்த கிளஸ்டருக்கு எந்தக் கேள்விகள் முக்கியமோ அவற்றுக்கு மட்டும் உண்மையான பதில் கொடுத்தார். ப்ரொஃபைல் பறந்தது.

பிறகு நேரில் போய்ச் சந்தித்தார். ஒன்று, இரண்டு, பத்து, ஐம்பது. சதவீதம் எல்லாம் தொண்ணூறுக்கு மேல். ஆனால் பேச்சு ஓடவில்லை. 88-வதாகச் சந்தித்தவர் கிறிஸ்டின் தியென் வாங் என்ற ஓவியர். இதில் வேடிக்கை, தளத்தில் தேடி இவரைக் கண்டுபிடித்தது அந்தப் பெண்தான். உயரமான, நீலக் கண் பையன் வேண்டும் என்று சும்மா தேடியிருக்கிறார்! இருவரும் கடைசியில் நிச்சயம் செய்துகொண்டார்கள்.

(சும்மா கிடைக்கிற டேட்டாதானே என்று நீங்கள் இறங்கிவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் அடுத்தவர் பதில்களை அள்ளுவது தப்பு. இன்டர்ன்ஷிப் ரெஸ்யூமேயிலும் போட முடியாது.)

இந்தக் கதையில் அல்காரிதம் செய்தது ஆட்களைக் கண் முன்னால் கொண்டுவந்தது மட்டும். 87 பேரில் யாரோடு பேச்சு நிற்கும், 88-வது ஆளோடு ஏன் நிற்காது என்பதை அது சொல்லவில்லை. 2017-இல் சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக், எலி ஃபின்கெல் மூவரும் இதையே சோதித்தார்கள். ஸ்பீட் டேட்டிங்குக்கு வந்தவர்களிடம் முன்கூட்டியே நூற்றுக்கும் மேற்பட்ட விவரங்களைக் கேட்டு, ரேண்டம் ஃபாரஸ்ட் மாடலில் ஓட்டினார்கள். பொதுவாக யார் பலருக்கும் பிடித்தவர் என்பதை மாடல் ஓரளவு சொன்னது. இந்த ஆளுக்கு இந்த ஆளை ஏன் தனியாகப் பிடிக்கிறது என்பதைச் சொல்லவே முடியவில்லை.

எங்க அக்கா ப்ரொஃபைல்ல எந்தக் காலத்துல போய் 'உப்பைப் பத்திக் கேள்வி கேட்பவர்'னு எழுதுவீங்க? உப்பளத்துல தண்ணியைப் பாத்திக்குக் கட்டி விடலாம், வெயிலுக்குக் காத்திருக்கலாம். உப்பு விழறது அதும் பாட்டுக்குத்தான் விழும்.

அந்த ஒரு காலம்

அப்படியென்றால் ஆப் முக்கியமில்லையா? ரொம்ப முக்கியம். ஏனென்றால் யார் கண் முன்னால் வருகிறார் என்பதைத் தீர்மானிப்பது அதன் ஃபில்டர். அந்த ஃபில்டரை நிரப்புவது நாம்.

இந்திய மனிதவள மேம்பாட்டுக் கணக்கெடுப்பின்படி (2011-12), நம் நாட்டில் சாதி மாறி நடக்கும் திருமணம் சுமார் 5 சதவீதம்தான். கிராஃப் தியரியில் யோசித்தால் காரணம் புரியும். ஒவ்வொரு சமூகமும் உள்ளுக்குள் நெருக்கமாகப் பின்னிய ஒரு கிராஃப். தெரு, கோயில், சொந்தம் எல்லாம் அதற்குள்ளேயே. இரண்டு கிராஃபுக்கு நடுவில் எட்ஜ் மிகக் குறைவு. யோசுவே ஒர்டேகா, பிலிப் ஹெர்கோவிச் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2017-இல் இதை மாடலாகப் போட்டுப் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு இடையே கொஞ்சம் எட்ஜ்களைச் சேர்த்தாலே கலப்புத் திருமணம் வேகமாக உயரும் என்பது அந்த மாடலின் முடிவு. கரூர்ப் பையன் மரக்காணத்துப் பொண்ணுக்கு மெசேஜ் போடுவது அப்படி ஒரு எட்ஜ்.

சாதிக் காலத்தை நிரப்பி ஃபில்டரை மூடினால் அந்த எட்ஜை நாமே வெட்டிவிடுகிறோம். அப்புறம் ஆன்லைன் என்பது பழைய தெருவின் பெரிய சைஸ் மட்டும்தான்.

எட்ஜ் சேர்ந்துவிட்டால் போதுமா என்றால், போதாது. பொறியியல் மாணவர் சங்கரை 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே, பட்டப்பகலில், எல்லார் கண் முன்னாலும் வெட்டிக் கொன்றார்கள். அவரும் கௌசல்யாவும் கல்லூரியில் சந்தித்துக் காதலித்துத் திருமணம் செய்துகொண்டவர்கள். சாதி வேறு, அவ்வளவுதான் அவர்கள் செய்த தப்பு. நம்ம மாதிரியே செமஸ்டர், அரியர், பிளேஸ்மென்ட் என்று இருந்த ஒருவர். அதனால் 'லவ்வுக்கு எதுக்கு சாதி மேட்டர்'னு லேசா சொல்லிட்டுப் போக என்னால முடியல.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. வேறு வேறு சாதி இந்துக்கள் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் கீழேயே மணக்கலாம். 1967-இல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தத்தால் தமிழ்நாட்டில் புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணமும் செல்லும். மதம் வேறு என்றால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் நோட்டீஸ் உண்டு. வயது வந்த இருவர் சம்மதித்தால் ஊர்ப் பஞ்சாயத்தோ குடும்பமோ குறுக்கே வரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஒரு நிமிஷம், இதையும் கேளுங்க

ஃபில்டரைத் திறந்து வை என்று சொல்லிவிட்டு எச்சரிக்கை சொல்லாமல் போனால் அக்கா என்னை விட மாட்டாங்க. நேரில் பார்ப்பதற்கு முன்னால் வீடியோ காலில் பேசுங்கள். முதல் சந்திப்பு ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில். எங்கே போகிறோம் என்று ஒரு தோழிக்காவது தெரிய வேண்டும். அக்காவோட முதல் சந்திப்புல உப்பளத்துல பன்னெண்டு பேர் வேலை பார்த்துட்டு இருந்தாங்க! பார்த்தே இராத ஆள் பணம் கேட்டால், காரணம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அனுப்ப வேண்டாம். அனுப்பி ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு போன் பண்ணுங்கள். சைபர் மோசடிக்கான எண் அது. சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

மறுபடியும் அந்த ஃபார்ம்

பொங்கலுக்கு மாமா வந்திருந்தார். மழை நின்னு, பாத்தியைச் சரி பண்ற வேலை ஆரம்பிச்சிருந்த நேரம். ஆயா அவரைக் கூட்டிட்டுப் போய் வரப்புல எப்படிக் கால் வைக்கணும்னு காட்டிட்டு இருந்தாங்க. எதிர்ல வந்த ஒரு பெரியவர், "யாரு ஊட்டுப் புள்ள?"ன்னு கேட்டார். ஆயா திரும்பிக்கூடப் பார்க்காம, "எங்க ஊட்டுப் புள்ள"ன்னாங்க.

பெரியப்பா அன்னைக்கும் வரல.

இந்தக் கட்டுரையை எழுதி முடிச்சதும் அண்ணனுக்கு அனுப்பிப் படிக்கச் சொன்னேன். ரெண்டு நாள் பதிலே இல்ல. மூணாவது நாள் ஒரே வரி: "டிக் பண்ணு. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

பண்ணிட்டேன். அவன் இன்னும் பேசல.